மாப்பிள்ளை வண்டி

முஹைதீன் வீட்டு மாப்பிள்ளையின் வண்டியைப் பிரித்துப் பார்க்க ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் வருகிறான் என்ற செய்தி, சனிக்கிழமை காலை இடியாப்பம் விற்கிற பெண்ணோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்விட்டது. ஊர் ஒன்றும் பெரிய ஊரில்லை. ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் கடலை ஒட்டி இருநூற்றுச் சொச்சம் வீடு, ஒரு பள்ளிவாசல். பத்து மணிக்கு முஹைதீன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டாலும், சும்மா இந்தப் பக்கமாகப் போனேன் என்றார்கள். அந்தத் தெரு நேரே கடலில் போய் முடிகிற தெரு. அந்தப் பக்கமாக எங்கே போக முடியும் என்று கேட்டால் பதில் இருக்காது.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த வண்டியில் மாட்டிக்கொண்டு நின்றது.

முஹைதீனுக்கு ஒரே மகள் ஃபஸீலா. அவளுக்கும் அக்காள்மடத்து இஃப்திகாருக்கும் கல்யாணமாகி மூன்று வருடம். இஃப்திகாருக்குக் கத்தாரில் லிஃப்ட் மாட்டுகிற கம்பெனியில் வேலை. வருடத்துக்கு இரண்டு மாதம் லீவு. இந்த லீவில் ஒரு நாள் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தனுஷ்கோடிக்குக் கிளம்பினான். இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற அந்த நேர் ரோட்டில் கியர் மாற்றும்போது வண்டி முரண்டு பிடித்தது. கச்சான் காற்று கொண்டுவந்து போட்டிருந்த மணலில் பின்சக்கரம் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். அவனுக்கு முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. அவளுக்கு இடுப்பில் அடி. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் அவள் வயிற்றில் ஐந்தாறு வாரக் கரு இருந்தது தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே அது இல்லை என்றும் ஆகிவிட்டது. மூன்று வருடமாக எதிர்பார்த்திருந்த பிள்ளை.

முஹைதீன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மருமகனின் சட்டையைப் பிடித்தார். வெறி பிடித்தவன்போல ஓட்டி என் பிள்ளையைப் போட்டுவிட்டாய், இனி என் வாசலில் கால் வைக்காதே என்றார். கியர் விழவில்லை மாமா என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அந்த மாதிரிப் பெரிய பைக் ஓட்டுகிற பையன்கள் விழுந்தால் எல்லோரும் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணத்துக்கு முன்பே பெண் பேரில் வீட்டை எழுதிவைத்துவிட வேண்டும். மாப்பிள்ளைதான் வந்து அந்த வீட்டில் இருப்பார். ஆகவே மாமனார் வாசலை அடைத்தால் மாப்பிள்ளைக்குத் தன் மனைவியைப் பார்க்க வேறு வாசல் கிடையாது. இஃப்திகார் அக்காள்மடத்தில் தன் உம்மாவின் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். தினமும் காலையில் பஸ் ஏறிக் கடல் பாலம் தாண்டி வந்து, மாமனார் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பான். பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொல்வதற்கு முன்னால் திரும்பிப் போவான். பத்தொன்பது நாள் இப்படி நின்றான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஃப்ளைட்.

இதற்கிடையில் முஹைதீன் ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார். என் மகளுக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம், குலா வாங்கிக் கொடுங்கள் என்று. குலா என்றால் பெண் கேட்டு வாங்குகிற விவாகரத்து. அவள்தான் கேட்க வேண்டும், அவள் கையெழுத்து வேண்டும். கடிதத்தை ஃபஸீலாவிடம் நீட்டினார். அவள் கையெழுத்தும் போடவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏதோ சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜமாஅத் செயலாளர் அப்துல் ஹாதி நிதானமான மனுஷர். மாப்பிள்ளை வண்டிமேல் குற்றம் சொல்கிறார், மாமனார் மாப்பிள்ளைமேல் சொல்கிறார், இரண்டு பேருக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை வண்டியை யாரும் தொடக் கூடாது என்று முடிவு சொன்னார். வண்டியில் கோளாறு இல்லையென்றால் ஃபஸீலா கையெழுத்துப் போட வேண்டியதுதான் என்று முஹைதீன் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

மெக்கானிக்கின் பெயர் காளிராஜ். சாயல்குடிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். நாற்பது வயது இருக்கும், குறைவாகப் பேசுகிறவர். வந்ததும் முஹைதீனின் மனைவி ஹமீதா பானு கொடுத்தனுப்பிய சுக்குக் காப்பியை நின்றபடியே குடித்தார். முற்றத்தில் தார்ப்பாயை எடுத்தார்கள். சிவப்பு வண்டி, ஒரு பக்கம் சாய்ந்து விழுந்த வடுவோடு நின்றது. காளிராஜ் ஒரு கருவியையும் எடுக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து கீறல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுன தம்பி யாரு?"

"கேட்டுக்கு வெளிய நிக்கிறவன்தான்," என்றார் முஹைதீன். "அங்கன நின்னே பதில் சொல்லட்டும். உள்ள வர வேணாம்."

காளிராஜ் நிமிர்ந்து அப்துல் ஹாதியைப் பார்த்தார். அவர் கையை விரித்தார். சரி என்று காளிராஜ் குரலை உயர்த்திக் கேட்டார்.

"தம்பி, எம்புட்டு வேகத்துல விழுந்தீக?"

"அறுபதத் தாண்டலண்ணே. மூணுலருந்து நாலு போட்டேன். போடுறப்ப முள்ளு அறுபதுகிட்டத்தான் நின்னுச்சு."

"பொய்யி," என்றார் முஹைதீன். "இந்த வண்டில அறுபதுல போறவன் எவன்? நூறுக்குக் கொறயாமப் போயிருப்பான்."

காளிராஜ் இன்ஜின் மூடியில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவினார். "பாய், கோவிச்சுக்கிறாதீக. நூறுல விழுந்த வண்டிய நான் நெறையப் பாத்திருக்கேன். இந்த மூடி தேஞ்சு ஓட்டையாயிருக்கும். கால் வைக்கிற கட்டை ஒடிஞ்சு போயிருக்கும். டேங்கு சப்பியிருக்கும். இதுல பெயின்டுதான் போயிருக்கு. அந்தத் தம்பி சொல்ற வேகந்தான்."

கேட்டுக்கு வெளியே ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. முஹைதீன் பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முஹைதீனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கெட்ட மனுஷரில்லை. முப்பத்தொரு வருடம் விசைப்படகில் இன்ஜின் டிரைவர். அவர் போன படகு நடுக்கடலில் நின்றதில்லை என்று பெயர். ஒரே ஒரு தடவை நின்றது. டீசல் குழாயில் ஒரு நட்டு ஆட்டம் கொடுத்துக் கழன்றுபோய், எட்டுப் பேர் இரண்டு நாள் தண்ணீரில்லாமல் மிதந்தார்கள். அதற்குப் பிறகு ஆடுகிற எதையும் அவரால் சகிக்க முடியவில்லை. வீட்டில் ஒரு நாற்காலிக்கால், ஒரு ஜன்னல் கொக்கி ஆட விடமாட்டார். மருமகன் முதல் லீவில் இந்த வண்டியை வாங்கி, பார்த்துக்கோங்க மாமா என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனபோது அவர் சந்தோஷப்பட்டதை ஊரே பார்த்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பு போகக் கழுவுவார், துடைப்பார், பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார். மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளை வண்டிக்குத்தான் அந்த வீட்டில் விருந்து என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

காளிராஜ் பையைத் திறந்தார். செயினைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தொய்வு சரியாக இருந்தது. ஆயில் பார்த்தார், குறையவில்லை. கிளட்ச் கம்பியை இழுத்துவிட்டார். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகக் காலால் தட்டினார். ஒன்று முதல் ஆறு வரை எல்லாமே விழுந்தன. முஹைதீனின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பாத்தீகளா? எல்லாம் விழுகுதுல்ல?"

"கையால சுத்துனா விழுகும் பாய். இருங்க." காளிராஜ் மறுபடி கேட்டுப் பக்கம் பார்த்துக் கேட்டார். "தம்பி, கிளட்ச் புடிச்சுப் போட்டா எப்புடி இருந்துச்சு?"

"நல்லாத்தான்ணே விழுந்துச்சு. ஊருக்குள்ள, பஜாருக்குப் போறப்ப ஒரு தொந்தரவும் இல்ல. அன்னைக்கு நீள ரோடுன்னு கிளட்ச் புடிக்காமப் போட்டேன். லீவர் கல்லு மாதிரி இருந்துச்சு. கியரு பாதில நின்னுபோச்சு. இன்ஜின் கத்துது, வண்டி இழுக்கல. பின்னாடி ஒரு டூரிஸ்ட் வேன் ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தான். பயந்துபோயி இன்னொரு மிதி மிதிச்சேன். டக்குன்னு விழுந்து பின்சக்கரம் ஒதறுச்சு. அவ்வளவுதாண்ணே தெரியும்."

"போன லீவுல?"

"போன லீவுல வெண்ணெ மாதிரி விழுந்துச்சு."

அப்துல் ஹாதி குறுக்கிட்டார். "தம்பி காளிராஜ், கிளட்ச் புடிக்காம எப்புடிக் கியரு போடுறது? எனக்கு வெளங்கலயே. ஜமாஅத்துல கேட்டா நான்ல சொல்லணும்."

"இந்த வண்டில அதுக்குன்னு ஒண்ணு இருக்குங்க. குயிக்ஷிஃப்டர்னு பேரு." காளிராஜ் கியர் லீவரிலிருந்து மேலே போகிற கம்பியைத் தொட்டுக் காட்டினார். "காலால லீவரத் தூக்குனா இந்தக் கம்பி நகருது. கம்பி நடுவுல இந்த ரப்பர் உறைக்குள்ள ஒரு சென்சார். கால் அழுத்துறது அதுக்குத் தெரிஞ்சிரும். ஒடனே இன்ஜினுக்கு ஆளனுப்பி, ஒரு கண் சிமிட்டு நேரம் இழுக்காம நில்லுங்கும். இன்ஜின் நிக்கிற அந்த நேரத்துல கியரு உள்ள போயிரும். சென்சாருக்குத் தெரியலன்னா இன்ஜின் நிக்காது. முழு இழுவைல இருக்கப்ப பல்லு மேல பல்லு இடிக்கும். இந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான்னு நெனைக்கிறேன். பாத்துருவோம்."

சென்சார் வயரைத் தேடிப் பிடித்து அதன் இணைப்பைக் கழற்றினார். கடற்கரை வண்டிகளில் அந்த இடம் பச்சை பிடித்துத்தான் கிடக்கும். இது சுத்தமாக, கிரீஸ் தடவி இருந்தது.

"நான் வச்சது," என்றார் முஹைதீன். "உப்புக் காத்துக்கு அது இல்லன்னா ஆறே மாசத்துல தின்னுரும்."

"நல்ல வேல பாய். எங்க கடப் பயலுக கூட இப்புடிச் செய்ய மாட்டானுக."

சின்னப் பெட்டி ஒன்றை வண்டியின் வயரில் மாட்டி, அதன் திரையைப் பார்த்தபடி லீவரைக் காலால் தூக்கினார். திரையில் இருந்த எண் மாறவில்லை. இன்னும் பலமாகத் தூக்கினார். மாறவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கம்பியின் நடுவில் இருந்த ரப்பர் உறையைக் கத்தி முனையால் நெம்பி மேலே தள்ளினார். அப்படியே கையை எடுத்துக்கொண்டார்.

உறைக்குள், சென்சாரும் கம்பியும் சேர்கிற இடத்தில், வலை நூல் சுற்றியிருந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இல்லை. மேலே வார்னிஷ் பூசிக் காய்ந்து இறுகியிருந்தது. முடிச்சு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. நூலின் நுனியைச் சுற்றுக்கு உள்ளேயே இழுத்துப் புதைத்திருந்தது.

"அம்மாடி," என்றார் காளிராஜ். "கட்டுன கை நல்ல கை. ஆனா கட்டக் கூடாத எடத்துல கட்டியிருக்கு."

"என்ன தம்பி?" என்றார் அப்துல் ஹாதி.

"இந்தக் கம்பில இந்த எடத்துல ஒரு மில்லி, ரெண்டு மில்லி ஆட்டம் இருக்கும். உள்ள ஸ்பிரிங் இருக்கு. அமுங்கி விரியணும். அந்த ஆட்டத்த வச்சுத்தான் சென்சாருக்குக் கால் அழுத்துறதே தெரியும். யாரோ ஆடுதேன்னு நெனச்சு இறுக்கிக் கட்டி, அந்த இடுக்கையும் நூலால நெரப்பிட்டாக. இனி அது அமுங்காது. வண்டி கெட்டுப்போகல. ஓட்டுனதும் தப்புல்ல. அந்த வேகத்துல கிளட்ச் புடிச்சுப் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம், அது வேற. ஆனா ரப்பருக்குள்ள இப்புடி இருக்குன்னு அந்தத் தம்பிக்கு எப்புடித் தெரியும்?" அவர் கூட்டத்தைப் பார்த்தார். "யாரு கட்டுனது இது?"

கச்சான் காற்று மட்டும் தார்ப்பாயை அடித்துக்கொண்டிருந்தது.

"நாந்தான்ணே கட்டுனேன்," என்றான் இஃப்திகார் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து.

காளிராஜ் அவனைப் பார்த்தார். போன லீவில் நன்றாக விழுந்தது என்று சற்று முன்னால் சொன்ன வாய்தான் இது. அவர் அதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கருவிகளைத் துடைக்க ஆரம்பித்தார். அப்துல் ஹாதியும் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவன் சொன்னது பொய் என்று அங்கே நின்ற பதினைந்து பேருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் சொன்னான் என்பதும் தெரிந்தது. பத்தொன்பது நாள் வெயிலில் நின்ற பையன், மாமனாரை ஊர் நடுவில் தலைகுனிய விட மனமில்லாமல் பழியைத் தானே வாங்கிக்கொண்டான். எனக்கு அப்போது அவன்மேல் மரியாதை வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளும் எங்களில் பலருக்கு அவன் வேகப் பைத்தியமாகத்தான் தெரிந்தான்.

முஹைதீன் வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். நூல் சுற்றை விரல் நகத்தால் ஒரு முறை வருடினார். நிமிர்வதற்கு அவருக்கு நேரம் பிடித்தது.

"யாருக்காகப் பொய் சொல்றீங்க மாப்பிள்ளை?" பத்தொன்பது நாளில் முதல் முறையாக அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். "கடல் பக்கம் வேலைக்குப் போகாத கை ஒங்களுது. நுனிய உள்ள இழுக்க ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" பிறகு காளிராஜிடம் திரும்பினார். "நாந்தான் தம்பி கட்டுனேன். நோம்புக்கு முந்துன மாசம். தொடைக்கிறப்ப கை பட்டுச்சு, லேசா ஆடுச்சு. அதிகம் ஓடாத வண்டி, இப்பயே ஆடுதே, ஓட்டுறப்ப கழண்டா புள்ளைக என்னாகும்னு பயந்தேன். படகுல அப்புடித்தான் கட்டுவோம். பாதுகாப்புன்னுதான் கட்டுனேன்."

"தெரியாமச் செஞ்சதுதான பாய்," என்றார் காளிராஜ் மெதுவாக.

அப்துல் ஹாதி பக்கத்தில் வந்து, அண்ணன் கையைப் பிடிப்பதுபோல முஹைதீனின் கையைப் பிடித்தார். "காக்கா, இதப் பெருசு பண்ண வேணாம். வண்டிக் கோளாறுன்னு மட்டும் நான் ஜமாஅத் புத்தகத்துல எழுதிக்கிறேன். விசயம் முடிஞ்சிரும்."

"கோளாறுன்னு எழுதாத ஹாதி. எம்பேர எழுது. முஹைதீன் கட்டுனான்னு எழுது."

கையை விடுவித்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனார்.

முற்றத்துப் பக்கம் திறந்திருந்த ஜன்னலை ஒட்டித்தான் ஃபஸீலாவின் கட்டில். ஹமீதா பானு கட்டில் ஓரத்தில் பூண்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பார்க்கிற பக்குவமெல்லாம் மகளுக்குப் பார்த்தாள், பிள்ளைதான் இல்லை. அவர் உள்ளே வந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். முஹைதீன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன் வாப்பா."

"நாந்தாம்மா. ஒம்புள்ளயக் கொன்னது நாந்தான்." துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

ஃபஸீலா சுவர்ப் பக்கமிருந்து திரும்பினாள். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவள் கண் உலர்ந்திருந்தது.

"அதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் வாப்பா. நீங்க தெரிஞ்சா கட்டுனீங்க? எங்களுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னுதான் கட்டுனீங்க. அல்லாஹ் நாடுனது அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அவள் முடிக்கவில்லை.

"மூணு தடவ சொன்னேன் வாப்பா. ஆஸ்பத்திரில ரத்தத்தோட கெடக்கையில சொன்னேன். வீட்டுக்கு வந்த அன்னைக்குச் சொன்னேன். அந்தக் காயிதத்தக் கொண்டாந்து நீட்டுனீங்கள்ல, அப்பயும் சொன்னேன். அவுக மெதுவாத்தான் ஓட்டுனாகன்னு. புருசன விட்டுக் குடுக்காம நீ அப்புடித்தான் சொல்லுவன்னு சொல்லிட்டீங்க."

"அம்மா..."

"பின்னால உக்காந்திருந்தவ நான். ரோட்டுல கெடந்தவ நான். பறிகொடுத்தவளும் நாந்தான். எனக்குத் தெரியாதா எம்புட்டு வேகம்னு? இன்னைக்கு ராமநாதபுரத்துலருந்து ஒருத்தரு வந்தாரு. கீறலப் பாத்தாரு, சொன்னாரு. நீங்க வாயத் தொறக்கல. அவரு சொன்னா நெசம். நான் சொன்னா புருசனுக்காகச் சொல்றது. ஒங்க முடிச்ச நீங்களே ஒத்துக்கிட்டீங்க, பெரிய விசயந்தான் வாப்பா. எம்பேச்ச மட்டும் ஒரு தடவகூட நம்பலயே?"

முப்பத்தொரு வருடம் எந்தச் சத்தம் எந்த நட்டிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனுஷர், அடுத்த அறையிலிருந்து மகள் சொன்னதைக் கேட்கவில்லை. ஹமீதா பானு வாசற்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். கேட்கும்போதெல்லாம் அவளும் கணவன் பக்கம்தான் பேசியிருந்தாள்.

"இது எம்பேர்ல உள்ள வீடுதான வாப்பா?" என்று கேட்டாள் ஃபஸீலா.

எங்கள் ஊரில் பெண்கள் இதைக் கேட்பதில்லை. வீடு அவர்கள் பேரில்தான் இருக்கும். ஆனால் சாகிறவரை அது வாப்பா வீடுதான். அதிகாரமும் அவருடையதுதான். இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

"ஆமாம்மா. ஒன் வீடுதான்," என்றார் அவர்.

"அப்ப நான் சொல்றேன். அவுக உள்ள வரட்டும்."

முஹைதீன் எழுந்து வெளியே போனார். முற்றத்தில் காளிராஜ் பிளேடால் நூலை அறுத்துக்கொண்டிருந்தார். வார்னிஷ் இறுகிப்போனதால் ஒவ்வொரு சுற்றாகத்தான் வந்தது. முஹைதீன் அவரைத் தாண்டிப் போய்க் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். வேப்பமரத்தடியில் நின்றவர்கள் விலகினார்கள்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை," என்றார். "ஃபஸீலா கூப்புடுறா."

இஃப்திகார் மாமனாரின் கையைப் பிடிக்க வந்தான். "மாமா, நீங்களும் வாங்க..." என்றான்.

"நீங்க போங்க."

அவன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனான். சற்று நேரத்தில் ஜன்னல் வழியாக ஃபஸீலா அழுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் பத்தொன்பது நாளில் அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். காளிராஜ் வண்டியைக் கிளப்பி, லீவரைத் தூக்கித் திரையைப் பார்த்து, எண் மாறுகிறது என்று அப்துல் ஹாதியிடம் சொன்னார். பிறகு அணைத்துவிட்டு, சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வண்டியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

முஹைதீன் முற்றத்தில் நின்றார். உச்சி வெயில் சிமெண்டுத் தரையில் கொதித்தது. சோறு ஆக்கி இறக்கிவிட்டு ஹமீதா பானு வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, எம்புட்டு நேரம் வெயில்ல நிப்பீங்க? உள்ள வாங்களேன். சோறு வைக்கிறேன்."

"ஃபஸீலா கூப்புடட்டும்," என்றார் அவர்.

ஹமீதா பானு உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் வரவில்லை. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார். சாயங்காலம் அசர் பாங்கு சொல்கிறவரை ஃபஸீலா கூப்பிடவில்லை. அவரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.